பெண்கள் விடுதிக்கு 6.30, ஆண்கள் விடுதிக்கு 9.30: எதிர்க்க முடியுமா?

கேள்வி: தென் மாவட்டத்தில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 21. ஊர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் விடுதிக் கேட்டை மாலை 6.30 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு 9.30. பல்கலைக்கழக நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருக்கிறது. கூடப் படிக்கும் பையன்கள் அங்கே உட்கார்ந்து ப்ராஜெக்ட் எழுதும்போது நாங்கள் ஆறு மணிக்கே எழுந்து ஓட வேண்டும். போன மாதம் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் கிடைக்காமல் இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. வார்டன் என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, என் கண் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டு, "உங்கள் பெண் யாரோடு சுற்றுகிறாள் என்று விசாரியுங்கள்" என்றார். அன்றிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படித்தது போதும், வந்துவிடு என்கிறார். விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற அம்மா மட்டும்தான் எனக்காகப் பேசுகிறார். நேரத்தை 7.30 ஆக்கித் தரும்படி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள். விதிகளுக்குக் கட்டுப்படுவோம் என்று சேரும்போதே நானும் அப்பாவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதை எதிர்க்க முடியுமா? விடுதியை விட்டு நீக்கிவிடுவார்களா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

எதிர்க்க முடியும். நீக்கிவிடுவார்களோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒன்று: எழுதி வைத்திருக்கும் அந்த மனுவைக் கொடுத்துவிடாதீர்கள்.

7.30 கேட்டால் 7 கிடைக்கும். அடுத்த ஆண்டு வேறொரு வார்டன் வந்து அதை மறுபடியும் 6.30 ஆக்குவார். அதைவிடப் பெரிய கேடு, பெண்களுக்குத் தனி நேரம் வைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். உங்கள் வழக்கின் உயிரே அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது என்பதில்தான் இருக்கிறது. ஆண்கள் விடுதிக்கு என்ன விதியோ அதுவே எங்களுக்கும் என்று கேளுங்கள்.

இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2015-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. பெரும்பாலான நிர்வாகங்கள் அதில் புகார்க் குழு அமைக்கச் சொல்லும் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகின்றன. அதே விதிகளில் விடுதியைப் பற்றியும் தெளிவாக எழுதியிருக்கிறது: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு என்பது மாணவிகளைக் கண்காணிப்பதாகவோ, நடமாடும் சுதந்திரத்தைக் குறைப்பதாகவோ மாறிவிடக் கூடாது என்றும் இருக்கிறது. சுற்றறிக்கையாக வந்த அறிவுரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட விதிகள் இவை. உங்கள் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும்.

நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. வளாகத்தில் போதிய விளக்கு, பயிற்சி பெற்ற காவலர்கள், விடுதிக்கும் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நம்பகமான போக்குவரத்து. மாணவிகள் நேரம் கழித்தும் நூலகத்திலும் ஆய்வகத்திலும் வேலை செய்வதற்காகவே இந்தப் போக்குவரத்து என்று காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நூலகம் 8 மணி வரை, உங்கள் கேட் 6.30 வரை என்பது இந்த விதிக்கு நேர் எதிரானது. புதிதாக எழுதும் மனுவில் இந்த இரண்டு நேரங்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். வேறு வாதமே தேவைப்படாது.

நிர்வாகத்தின் வழக்கறிஞர் அரசியல் சாசனத்தின் 15(3) பிரிவைக் கையில் எடுப்பார். பெண்களுக்காக அரசு சிறப்பு ஏற்பாடுகள் செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. இடஒதுக்கீடும் உதவித்தொகையும் கட்டணமில்லாப் பஸ் பயணமும் அந்தப் பிரிவு தாங்கி நிற்கிற நல்ல காரியங்கள். பூட்டு அந்த வரிசையில் சேராது. 2007-இல் அனுஜ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்று 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டத்தில் இருந்த தடையை ரத்து செய்தபோது, பாதுகாப்பு என்ற பெயரில் பாதுகாக்கப்படுபவரையே பலியாக்கக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் முன்னால், 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. தொழிற்சாலைகளில் இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, வசந்தா என்ற தொழிலாளி தொடுத்த வழக்கில் நம் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதோடு நிற்காமல், இரவு வேலை கொடுக்கும் நிர்வாகம் போக்குவரத்து, ஓய்வறை போன்றவற்றை ஏற்படுத்தித் தர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. மில்லில் நூல் சுற்றும் பெண் இரவில் வேலைக்குப் போகலாம், படிக்கிற பெண் இரவு 8 மணிக்கு நூலகத்திலிருந்து திரும்பக் கூடாது என்பதை எந்த நீதிபதி முன்னால் நின்று நியாயப்படுத்துவார்கள்?

விடுதி விஷயத்திலேயே நேரடியான தீர்ப்புகள் கேரளத்திலிருந்து வந்திருக்கின்றன. 2019-இல் திருச்சூர் கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், நிர்வாகம் தன் ஒழுக்கக் கருத்துகளை விடுதிப் பெண்கள் மீது சுமத்த முடியாது, ஆண்களுக்கு உள்ள அதே சுதந்திரம் பெண்களுக்கும் உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், விடுதியில் குறிப்பிட்ட மணிகளில் செல்போன் பயன்படுத்தத் தடை விதித்த கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்று, அந்தத் தடையை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

2022-ஆம் ஆண்டு வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் அதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று நீதிபதி அரசைத் துளைத்தெடுத்தார். வழக்கு நடக்கும்போதே அரசு புதிய உத்தரவு போட்டது: இருபாலர் விடுதிக்கும் 9.30, இரண்டாம் ஆண்டிலிருந்து படிப்பவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு அதற்குப் பிறகும் உள்ளே வரலாம். பாகுபாடு போயிற்று, பூட்டு போகவில்லை. சமத்துவம் மட்டும் கேட்டால், ஆண்கள் கேட்டையும் 6.30-க்கே மூடிவிட்டு "இப்போது சமம்தானே?" என்று ஒரு நிர்வாகம் கேட்க இடமிருக்கிறது. அப்புறம் ஆண்கள் விடுதியின் கோபம் முழுவதும் உங்கள் மீதுதான் திரும்பும். ஆகவே இரண்டையும் கேளுங்கள்: இருபாலருக்கும் ஒரே விதி, அந்த விதி நூலக, ஆய்வக நேரத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.

கேரளத் தீர்ப்புகள் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைக் கட்டுப்படுத்தாது. இங்குள்ள நீதிபதிகள் அவற்றை மதித்துப் பரிசீலிப்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் யு.ஜி.சி. விதியை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்த உறுதிமொழி உங்களை ரொம்பவே உறுத்துகிறது என்று தெரிகிறது. உறுத்த வேண்டாம். அடிப்படை உரிமைகளை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், நடைபாதையில் உரிமை கோர மாட்டோம் என்று அந்த மக்கள் தரப்பில் ஒப்புக்கொண்டதைக்கூட அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் விடவில்லை. இடம் கிடைக்க வேண்டுமே என்று சேர்க்கை நாளில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்ட ஒரு மாணவியை மட்டும் விட்டுவிடுமா?

பாதுகாப்பு என்ற அக்கறையே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் விளக்கில்லாத சாலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவது பயம்தான். ஆனால் 6.30 மணிப் பூட்டு அந்தப் பயத்துக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு நடந்ததையே வைத்துப் பாருங்கள். இருட்டிய பிறகு ஒரு பெண் கேட்டுக்கு வந்து நிற்கிறாள். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் அவளை உடனே உள்ளே அல்லவா விட வேண்டும்? உங்களை வெளியே நிறுத்தி வைத்தார்கள். எந்த ஆபத்திலிருந்து காப்பதாகச் சொன்னார்களோ அதன் நடுவிலேயே நிறுத்தித் தண்டனை கொடுத்தார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியைத் தேதி, நேரம், வெளியே நின்ற நிமிடங்கள், அங்கிருந்த காவலர் யார் என்பது வரை எழுதி வையுங்கள். வாதத்தில் இது பத்துத் தீர்ப்புகளுக்குச் சமம்.

பூட்டைப் பற்றி மதுரைக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் தனியார் பெண்கள் விடுதி ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். உங்கள் விடுதியில் இரவு கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் எங்கே தூங்குகிறார்? இரண்டாவது வாசல் உண்டா, அதுவும் பூட்டியிருக்கிறதா? மாணவிகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் நள்ளிரவில் வண்டிக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கேள்விகளையும் மனுவில் சேருங்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீங்கள்தான் என்பது அப்போது தெரியும்.

இனி நடைமுறை. முதல் வேலை காகிதம் சேர்ப்பது. இரண்டு விடுதிகளின் அறிவிப்புப் பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் விடுதியில் ஒரு நல்ல நண்பர் உதவுவார். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இரு விடுதிகளின் விதிகளின் நகல், அந்த நேரங்களை முடிவு செய்த தீர்மானம் எது, எந்தத் தேதியில், தாமதமாக வந்ததற்காக இரு விடுதிகளிலும் எத்தனை பேர் மீது நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மானம் என்று ஒன்று இருக்கவே இருக்காது, யாரோ எப்போதோ வாயால் சொன்னது விதியாகிவிட்டது என்று தெரியவரும் வாய்ப்பு நிறைய. அந்தப் பதிலும் உங்களுக்குச் சாதகமே.

பதிலுக்காகக் காத்திராமல், மாணவர் குறைதீர்க் குழுவுக்கு மனுக் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். பெண் என்பதால் காட்டப்படும் பாகுபாடு அந்த விதிகளில் குறை என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. 15 வேலை நாள்களுக்குள் குழு அறிக்கை தருவது முறை. திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகலைத் துணைவேந்தர், பதிவாளர் இருவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். சாவி, வாசல் பற்றிய அந்தக் கேள்விகளோடு இப்படி இருந்தால் போதும்: "ஆண்கள் விடுதி 9.30 வரை, பெண்கள் விடுதி 6.30 வரை, நூலகம் 8.00 வரை. இந்த வேறுபாடு 2015 யு.ஜி.சி. விதிகளுக்கும் அரசியல் சாசனத்தின் 14, 15(1), 21 பிரிவுகளுக்கும் முரணானது. இருபாலருக்கும் ஒரே விதியை, நூலக ஆய்வக நேரத்துக்கு ஏற்ப வகுத்து, வளாகத்தில் விளக்கும் பஸ்ஸும் ஏற்பாடு செய்யும்படி கோருகிறோம்." யாரையும் திட்டி ஒரு வரிகூட வேண்டாம்.

வார்டன் உங்கள் அப்பாவிடம் பேசியதை இந்த மனுவில் கலக்காதீர்கள். அது தனிக் குற்றம். தனியாகப் புகார் கொடுங்கள். பெரும்பாலான பெண்கள் இதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள், எனக்கு மிகவும் கோபம் வருவதும் இதில்தான். தாமதமாக வந்தார் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கலாம். யாரோடு சுற்றுகிறாள் என்று 21 வயதுப் பெண்ணின் நடத்தையைப் பெற்ற தகப்பனிடம் சந்தேகப்படும்படி சொல்ல எந்த விதியும் அவருக்கு அதிகாரம் தரவில்லை. அவர் பேச்சில் பாலியல் ரீதியான இழிவு இருந்ததாக நீங்கள் கருதினால் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கையெழுத்து விஷயத்தில் தோழிகளைக் கோபிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பா இருக்கிறார். முதல் பெயர் யாருடையது என்பதுதான் எல்லோரையும் தடுக்கும் பயம். தாளின் நடுவில் வட்டம் வரைந்து சுற்றிலும் கையெழுத்துப் போட்டால் முதல் பெயரும் இருக்காது, கடைசிப் பெயரும் இருக்காது. ஆய்வு மாணவிகளை முதலில் அணுகுங்கள். வயதிலும் பழக்கத்திலும் அவர்களுக்குத் துணிவு அதிகம். நடுநிலையான பேராசிரியர் ஒருவர் நூலக நேரத்தின் அவசியத்தைப் பற்றி நான்கு வரி எழுதித் தந்தால் பெரிய பலம்.

நீக்கிவிடுவார்களா? மிரட்டுவார்கள். நீக்க வேண்டுமென்றால் காரணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மனுக் கொடுத்தது ஒரு குற்றமாகாது. வாய்மொழியாக "அறையைக் காலி செய்" என்றால், எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம். மனு நிலுவையில் இருக்கும் வரை விடுதி நேரத்தைத் தவறாமல் பின்பற்றுங்கள். பூட்டை மீறிய பெண் என்று உங்களைக் காட்ட அவர்களுக்கு ஒரு நாளும் வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

குழுவும் குறைதீர்ப்பாளரும் கைவிட்டால் ஒத்தக்கடை சாலையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. பல்கலைக்கழகம் அரசுடையது என்பதால் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ், அரசு அமைப்பின் உத்தரவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும் ரிட் மனுவை நேராகப் போடலாம். பணத்துக்கு என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தனியார் விடுதிகளில் தங்கும் தோழிகளுக்கு இந்த வழி எளிதாக இருக்காது. அவர்கள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும் மாவட்ட ஆட்சியரிடம்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக அப்பா. அவரிடம் சட்டம் பேசாதீர்கள். வார்டன் சொன்னதைக் கேட்டு அவர் கோபப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகமாக இருக்கும். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஒரு வேலை நாளில் அம்மாவையும் அப்பாவையும் வரவழையுங்கள். மதுரைக்கு வரச் சொல்லி, கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போய், நீங்கள் உட்கார்ந்து படிக்கிற மேசையைக் காட்டுங்கள். அங்கிருந்து நீங்கள் திரும்பிய அதே பஸ்ஸுக்கு அவர்களையும் காத்திருக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமாகிறது என்று அவரே பார்க்கட்டும். மிச்சத்தை அம்மா பேசிக்கொள்வார். இருட்டோடு எழுந்து பல காலமாகப் பூ பறிக்கப் போகிறவர் அவர். அந்த இருட்டில் போக வேண்டாம் என்று அவரை யாரும் பூட்டி வைத்ததில்லை, ஏனென்றால் அந்தப் பூவில்தான் வீடு நடக்கிறது. அதைக் கணவரிடம் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

அப்பா மனம் மாறினால் அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: "என் மகள் நூலகம் மூடும் வரை படித்துவிட்டு விடுதிக்குத் திரும்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." நிர்வாகங்கள் கடைசியில் ஒளிந்துகொள்ளும் இடம் "பெற்றோர்தான் இப்படிக் கேட்கிறார்கள்" என்பது. சட்டப்படி 18 வயது நிரம்பியவருக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் பத்து அப்பாக்களின் கடிதம் மேசையில் இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

மனுவுக்கு மறுப்பு வந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உறையோடு சேர்த்து அப்படியே வையுங்கள். ரிட் மனுவில் நாம் ரத்து செய்யக் கேட்கப்போவது அந்த உத்தரவைத்தான்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் அக்கா